பழைய நேரமா, புதிய நேரமா?

லண்டனில் இருக்கிற சொந்தக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை ஒரே மாதிரிப் புலம்புவார்கள். மார்ச் கடைசி ஞாயிறு வந்தால் "ஒரு மணித்தியாலத் தூக்கம் போச்சு." ஒக்டோபர் கடைசி ஞாயிறு வந்தால் "நாலு, நாலரைக்கே இருட்டிப் போயிருது." குசினி அடுப்பில் இருக்கிற கடிகாரத்தை (அங்கே அடுப்பிலும் கடிகாரம் இருக்குமாம்) மாற்றத் தெரியாமல் அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆறு மாதம் பொறுத்தால் அதுவே மறுபடி சரியாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கும் அவர்களுக்கும் இடையில் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை. அதை மறந்து எடுக்கிற வாட்ஸ்அப் அழைப்புகளால் இரண்டு பக்கமும் தூக்கம் கெடுவது இன்னொரு கதை.

நாங்கள் இதைக் கேட்டுச் சிரிப்போம். வீட்டுப் பெரியவர்கள் சிரிக்க மாட்டார்கள். "இதெல்லாம் நாங்க பத்து வருசம் பார்த்தாச்சு" என்பார்கள். எங்கள் குழுவில் மூன்று பேர் கித்துல்கல, யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். மூன்று பேர் வீட்டிலும் ஒரே சொற்கள்தான் அடிபட்டன: பழைய நேரம், புதிய நேரம். அதன் பின்னால் போய்ப் பார்த்தபோது கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை. பாடப்புத்தகத்தில் இது இல்லை.

முதலில், கடிகாரத்தை நகர்த்துகிற யோசனை யாருக்கு வந்தது? 1895இல் நியூசிலாந்தில் ஜோர்ஜ் ஹட்சன் என்று ஒருவர். தபால் நிலையத்தில் வேலை, பூச்சி சேகரிப்பதில் பைத்தியம். வேலை முடிந்து வரும்போது பூச்சி பிடிக்க வெளிச்சம் போதவில்லை என்பதால் கோடையில் கடிகாரத்தை இரண்டு மணித்தியாலம் முன்னே தள்ளலாம் என்றார். 1907இல் இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற வீடு கட்டும் தொழிலதிபர் இதையே வேறு விதமாகச் சொன்னார்: கோடைக் காலையில் சூரியன் வந்த பிறகும் ஊர் தூங்குகிறது, வெளிச்சம் வீணாகிறது என்று. இரண்டு பேரையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாம் உலகப் போர் வந்து நிலக்கரி தட்டுப்பட்ட பிறகுதான், 1916 ஏப்ரல் 30இல் ஜெர்மனி கடிகாரத்தை மாற்றியது. மூன்று வாரத்தில் பிரிட்டனும் மாற்றியது.

அந்த நாடுகளில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணித்தியாலத்துக்கும் மேல், டிசம்பரில் எட்டுக்குக் கிட்ட. நாம் இருப்பதோ பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை வடக்கே. நம்முடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம். சேமிப்பதற்கு இங்கே கூடுதல் வெளிச்சமே கிடையாது. கடிகாரத்தை முன்னே தள்ளினால் மாலையில் கிடைப்பதைக் காலையில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனாலும் தள்ளினார்கள்.

1996. மார்ச்சில் உலகக் கிண்ணம் வென்ற வருடம் என்றுதான் எல்லாருக்கும் நினைவு. அதே வருடத்தில் மழை பொய்த்தது. அப்போது நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு நீரிலிருந்தே வந்தது. நீர்த்தேக்கங்கள் வற்ற, மணிக்கணக்கில் மின்வெட்டு. வீடுகளில் மின்சாரம் அதிகம் செலவாவது மாலை ஆறரைக்குப் பிறகு, விளக்குப் போடும் நேரத்தில். ஜனங்கள் பத்து மணிக்குத் தூங்குகிறார்கள் என்றால், இருட்டு ஏழரைக்கு வரும்படி கடிகாரத்தைத் திருகிவிட்டால் ஒரு மணித்தியால விளக்கு மிச்சம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க ஜனாதிபதியாக இருந்த காலம். மே 25ஆம் திகதி நள்ளிரவு பன்னிரண்டு மணி ஒரு மணியானது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்த நாடு ஆறரை மணித்தியாலம் முன்னே போனது.

இந்த இடத்தில்தான் கித்துல்கல வருகிறது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகிற வீதியில் களனி கங்கையை ஒட்டி இருக்கிற ஊர். படகுச் சவாரிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், மின்நிலையம் தண்ணீர் விட்டால்தான் ஆற்றில் அலை. மேலே காசல்ரீ, மவுசாகலை என்று இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள். அந்தத் தண்ணீர் விமலசுரேந்திர, கெனியன், பழைய லக்ஷபான, புதிய லக்ஷபான, கடைசியில் பொல்பிட்டிய என்று ஐந்து மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு எங்கள் ஊருக்கு வருகிறது. இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே ஆய்வுக் கட்டுரை வாசித்தார். கொழும்பில் மின்விளக்கு எரிவதற்கு மகாவலிக்கு முன்னால் இருந்த தண்ணீர் இதுதான். 1996இல் இதுவும் குறைந்தது.

தண்ணீர் எங்கள் பக்கத்தால் போனது, வெளிச்சம் எங்கள் பக்கம் வரவில்லை. தொண்ணூறுகளில் தோட்டத்து லயங்கள் பலவற்றுக்கு மின்சாரமே கிடையாது. போத்தல் விளக்கு, அரிக்கேன் லாம்பு, மண்ணெண்ணெய். ஸ்டோருக்கு மின்சாரம் இருக்கும், துரை பங்களாவுக்கு இருக்கும், அதற்குப் பக்கத்தால் போகிற கம்பி லயத்துக்கு இறங்காது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லிக் கடிகாரத்தை மாற்றினார்கள். மிச்சம் பிடிக்க ஒரு பல்பு கூட இல்லாத வீட்டிலும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. எங்களில் ஒருவருடைய அப்பாயி இதை இப்படிச் சொல்வார்: "கரண்டு இல்லாதவனுக்குத்தான் மொதல்ல கரண்டு வெட்டுனாங்க."

நடைமுறையில் என்ன ஆனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். மே கடைசியில் கித்துல்கலவில் சூரியன் உதிப்பது ஐந்து ஐம்பது சொச்சத்துக்கு. புதிய நேரப்படி ஏழுக்கு எட்டு நிமிடம் முன். அதுவும் சமவெளியில். மலை மறைக்கிற பள்ளத்தில் இன்னும் பிந்தும். பாடசாலை ஏழரைக்கு. மேல்கணக்கிலிருந்து குறுக்குப் பாதையில் மூன்று, நான்கு கிலோமீற்றர் நடந்து வீதிக்கு இறங்கி பஸ் பிடிக்கிற பிள்ளை ஆறு மணிக்காவது புறப்பட வேண்டும். ஆறு மணி என்றால் பழைய ஐந்து மணி. கும்மிருட்டு. மழைக்காலத்தில் அட்டை வேறு.

அம்மாவுக்கு இது இரட்டை வேலை. இங்கே தேயிலையை விட ரப்பர் அதிகம். ரப்பர் மரத்துக்குக் கடிகாரம் தெரியாது. இரவு முழுக்க மரம் நீரை இழுத்து வைத்திருப்பதால் விடியற்காலையில் பட்டைக்குள் அழுத்தம் கூட. அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை விட, பால் குறையும். ஆகவே பால்வெட்டு வெளிச்சத்தோடு தொடங்கியாக வேண்டும், அதை யார் ஆறு என்றாலும் ஏழு என்றாலும். மரம் பழைய நேரத்தில், பள்ளிக்கூடம் புதிய நேரத்தில். நடுவில் நிற்கிறவள் பிள்ளைக்காக இன்னும் ஒரு மணித்தியாலம் முன்னே எழும்பி, இருட்டில் ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிறகு மரத்துக்குப் போக வேண்டும். கொழும்பில் மிச்சம் பிடித்த விளக்கை இங்கே லாம்பு எண்ணெயாகச் செலவழித்திருக்கிறோம்.

முணுமுணுப்பு அதிகமாக, ஒக்டோபரில் அரசாங்கம் பாதி இறங்கி வந்தது. ஊடக அமைச்சர் தர்மசிறி சேனாநாயக்க அறிவித்தபடி, ஒக்டோபர் 26 அதிகாலை பன்னிரண்டரை மணி மறுபடி பன்னிரண்டு மணியானது. இனி கிரீன்விச்சுக்குச் சரியாக ஆறு மணித்தியாலம் முன்னே. முழுசாகத் திருப்பிக் கொடுக்காமல் அரை மணித்தியாலத்தை வைத்துக்கொண்டார்கள், சில்லறை இல்லை என்கிற கண்டக்டர் மாதிரி. அந்த அரை மணித்தியாலம் பத்து வருடம் திரும்பி வரவேயில்லை. ஜனவரி கடைசியில் நம் நாட்டில் சூரியன் பிந்தித்தான் உதிக்கும், ஆறரைக்குக் கிட்ட. அரை மணித்தியாலம் கூட்டினால் ஏறக்குறைய ஏழு. அதாவது பாதி திருப்பிக் கொடுத்த பிறகும், தை மாத விடியல் பழைய மே மாத விடியலைப் போலவே இருந்தது.

ஜனங்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. இரண்டு நேரத்தையும் வைத்துக்கொண்டார்கள். சிங்களத்தில் 'பரண வெலாவ', 'அலுத் வெலாவ'. தமிழில் பழசு, புதுசு. பஸ்ஸுக்கும் வங்கிக்கும் புதுசு. கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் பழசு. யாராவது "பத்து மணிக்கு எடுக்கிறாங்க" என்றால் உடனே வருகிற கேள்வி "பழசா, புதுசா?" ராகு காலம் பார்க்கிற வீடுகளில் தலைவலி இன்னும் கூட. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று எல்லாருக்கும் மனப்பாடம். புதிய நேரத்தில் அது எட்டு முதல் ஒன்பதரை. ராகு அரசாங்க வர்த்தமானி வாசிப்பாரா, மாட்டாரா என்று வீட்டுக்கு வீடு கருத்து வேறுபட்டது. சித்திரை வருடப்பிறப்புக்கு வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். அதையும் பழசு, புதுசு என்று பெருக்கினால் ஒரே வருடம் நான்கு தடவை பிறக்கும். திருச்சி வானொலி கேட்கிற வீட்டில் ரேடியோ ஒரு மணி சொல்லும், சுவர் இன்னொன்று சொல்லும். ரேடியோ சொன்னதுதான் பழசு. இந்தியா மாறவில்லை.

வடக்கில் இது வேடிக்கையாக இருக்கவில்லை. விடுதலைப் புலிகள் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 1996 மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கே கடிகாரம் ஐந்தரையிலேயே நின்றது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 வீதி திறந்தபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் போகிறவர் அடையாள அட்டையோடு கைக்கடிகாரத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. ஒரே தீவு, இரண்டு நேரம். தோட்டத்துப் பேச்சிலும் பழைய நேரம் இருந்தது, வன்னியிலும் இருந்தது. ஆனால் தோட்டத்தில் அது சோம்பலும் பழக்கமும் கலந்த ஒன்று. அங்கே அது எல்லைக்கோடு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம் என்பதால் ஒன்றாகப் பார்க்க வேண்டியதில்லை.

இந்தத் தீவு கடிகாரத்தைத் திருகியது 1996இல் முதல் தடவையும் அல்ல. 1906இல் இலங்கையும் இந்தியாவும் ஐந்தரை மணித்தியாலக் கணக்குக்கு வந்தன. அதற்கான தீர்க்கரேகை எண்பத்திரண்டரை பாகை, நம் தீவின் மேல் கூடப் போகவில்லை, கிழக்கே கடலில் போகிறது. அதனால் சாதாரண நாளிலேயே கித்துல்கலவின் சூரியன் கடிகாரத்துக்குச் சராசரியாக எட்டு நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். பிறகு இரண்டாம் உலகப் போர். 1942 ஜனவரி 5இல் அரை மணித்தியாலம் முன்னே, அதே வருடம் செப்டெம்பர் 1இல் இன்னொரு அரை. 1945 ஒக்டோபர் 16 வரைக்கும் நாடு ஆறரையில் ஓடியது. 1943 ஜனவரியில் இங்கே சூரியன் ஏழு இருபதுக்கும் பிறகுதான் எட்டிப் பார்த்திருக்கும்!

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பது கடிகாரத்தை விடப் பெரிய கதை. 1942 தொடக்கத்தில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போனதும், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கிடைக்கிற முக்கியமான இடமாக இலங்கை மிஞ்சியது. லொறி டயருக்கும் விமான டயருக்கும் பால் வேண்டும். பழைய மரங்களை இனி பிழைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று வெட்டி வெட்டிப் பால் எடுக்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரிலேயே கசாப்பு என்ற பொருள் இருக்கிறது. மரத்தைக் கொல்கிற வெட்டு. அதை வெட்டியது கேகாலை, இரத்தினபுரித் தோட்டத்துக் கைகளும்தான். கித்துல்கலவில் உலகப் போர் என்றால் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுவது 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காகக் கட்டி வெடிக்க வைத்த பாலத்தின் இடத்தை. தாய்லாந்துக் கதைக்குப் போட்ட செட். உண்மையான போரின் தடம் அதைச் சுற்றியுள்ள ரப்பர் மலைகளில் இருந்தது. அதற்குப் பலகை இல்லை.

தோட்டத்துக்கும் கடிகாரத்துக்கும் உள்ள பகை இதையெல்லாம் விடப் பழையது. வரலாற்றுப் பாடத்தில் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய ஒரு கட்டுரை வரும்: தொழிற்சாலை முதலாளித்துவம் எப்படி வேலைக்காரரின் நேரத்தைக் கடிகாரத்துக்குள் அடைத்தது என்று. அவர் இங்கிலாந்தைப் பற்றி எழுதினார். நாங்கள் அதை வாசிக்கும்போது நினைத்தது பெரட்டுக் களத்தை. விடியற்காலையில் தப்பு அடித்து எழுப்புவதும், கொம்பு ஊதுவதும், பிறகு வந்த சங்கும் துரையின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. லயத்தில் கடிகாரம் இல்லாத காலத்தில் மணி எத்தனை என்பது சங்கு சொல்லித்தான் தெரியும். பெரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. அசாமில் தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னே தங்களுக்கென்றே ஒரு 'பாகான் நேரம்' வைத்திருக்கின்றன, இன்றைக்கும். அதைப் பகலொளிச் சேமிப்பு என்று புத்திசாலித்தனமாகப் புகழ்ந்து எழுதுகிறார்கள். முன்னே தள்ளிய அந்த மணித்தியாலத்தில் எழும்புகிறவர் யார் என்று கேட்டால் புகழ்ச்சி கொஞ்சம் குறையும்.

2006இல் கதை முடிந்தது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்ற பெற்றோரின் முறைப்பாடு கடைசியில் எடுபட்டது. மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதி. புத்தாண்டு கழிந்த கையோடு, ஏப்ரல் 15 அதிகாலை பன்னிரண்டரையைப் பன்னிரண்டாக்கி நாடு பழையபடி ஐந்தரைக்கு வந்தது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இதை விரும்பவில்லை. உலகத்தோடு முழு மணித்தியாலக் கணக்கில் இருப்பதுதான் வசதி என்பது அவர் பக்கம். விண்வெளி பற்றி எழுதியவருக்கு அது சரிதான். மேல்கணக்கிலிருந்து பஸ்ஸுக்கு இறங்கினால் வேறு மாதிரித் தெரியும். எங்களுக்கு இதில் இன்னொரு சிரிப்பும் உண்டு. 1948இல் எங்கள் தாத்தாமாரை இந்தியர் என்று சொல்லிப் பிரஜாவுரிமையைப் பிடுங்கினார்கள். அதன் மிச்சம் மீதியைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. மூன்று வருடம் கழித்து முழு நாடும் இந்திய நேரத்துக்கு வந்துவிட்டது, விண்ணப்பம் கூடப் போடாமல்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, மெழுகுதிரி வெளிச்சத்தில் உயர்தரப் பாடம் படித்தவர்கள் நாங்கள். அப்போது கடிகாரத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

ஆனால் பழைய நேரம், புதிய நேரம் இன்னும் ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது: ஜாதகத்தில். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை பிறந்தவர்கள் இப்போது கல்யாண வயதில், அல்லது அதை நெருங்கிக்கொண்டு. எங்களில் அநேகரும் அந்தப் பட்டியலில்தான். ஒரு லக்கினம் சராசரியாக இரண்டு மணித்தியாலம். அரை மணித்தியாலம் பிசகினால் நான்கில் ஒருவருக்கு லக்கினம் மாறும். 1996இன் அந்த ஐந்து மாதத்தில் பிறந்தவர் என்றால் இரண்டில் ஒருவருக்கு. ஐந்தரை என்று வைத்துக் கணித்தவர் ஒரு கட்டம் போடுவார், ஆறு என்று தெரிந்தவர் வேறு கட்டம் போடுவார். 2006 ஏப்ரல் 15 அதிகாலை பன்னிரண்டு பத்துக்குப் பிறந்த பிள்ளையின் நிலைமை இன்னும் மோசம், அன்றைக்குப் பன்னிரண்டு பத்து இரண்டு தடவை வந்தது. எங்கள் சினேகிதி ஒருத்திக்கு இரண்டு ஜாதகம் இருக்கிறது. வருகிற வரனுக்கு எது பொருந்துகிறதோ அதை அவளுடைய அம்மா எடுப்பார். பிடிக்காத இடம் என்றால் மற்றது.